சிவப்புச் சிலுவை வந்த வழி: பிரிட்டிஷ் கடற்படையின் பதவிக் கொடிகள்

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் ஐஎன்எஸ் விக்ராந்த் கடற்படையில் சேர்க்கப்பட்டபோது இந்தியக் கடற்படைக்குப் புதிய கொடி அறிமுகமானது. பழைய கொடியில் மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் ஓடிய சிவப்புச் சிலுவை அன்றோடு போனது. காலனி ஆட்சியின் அடையாளம் நீக்கப்பட்டது என்று செய்திகள் சொல்லின. அது சரியான செய்திதான். ஆனால் அதைப் படித்த பலருக்கும் ஒரு கேள்வி மிஞ்சியது. பிரிட்டனின் தேசியக் கொடி யூனியன் கொடி. அதன் வணிகக் கப்பல்கள் சிவப்புக் கொடியோடு போகின்றன. ஆஸ்திரேலியாவின் கொடியோ நீலம். அப்படியிருக்க நம் கடற்படைக்கு மட்டும் வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை எங்கிருந்து வந்தது?

பதில் தேசியக் கொடிகளின் வரலாற்றில் இல்லை. அட்மிரல்களின் பதவிக் கொடிகளின் வரலாற்றில் இருக்கிறது. அந்தச் சிலுவை ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் மூன்று பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் உரிய அடையாளம். அதுவே முழுக் கடற்படைக்கும், பின்னர் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்ததற்குப் போர்க்களத் தேவையும் அலுவலகத் தேவையும் காரணம்.

எந்தக் கொடி எதைச் சொல்கிறது

ஒரு போர்க்கப்பலில் ஒரே நேரத்தில் பல கொடிகள் பறக்கும். இந்தக் கட்டுரைக்கு மூன்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

1. என்சைன்: கப்பலின் பின்பக்கம் பறப்பது. இது எந்த நாட்டுக் கப்பல், போர்க்கப்பலா வணிகக் கப்பலா என்பதைச் சொல்லும். கொச்சியில் மாறியது இந்தக் கொடிதான்.

2. பென்னன்ட்: பாய்மர உச்சியில் பறக்கும் ஒல்லியான நீண்ட கொடி. இது அரசின் பணியில் உள்ள போர்க்கப்பல், இதற்கு ஒரு கேப்டன் பொறுப்பில் இருக்கிறார் என்று பொருள்.

3. பதவிக் கொடி: அட்மிரல் நிலையில் உள்ள ஓர் அதிகாரி எந்தக் கப்பலிலிருந்து ஆணையிடுகிறாரோ அந்தக் கப்பலின் பாய்மரத்தில் ஏறுவது. இது ஏறினால் பென்னன்ட் இறங்கிவிடும். இந்தக் கொடி பறக்கும் கப்பல்தான் கொடிக்கப்பல்.

முதல் இரண்டும் கப்பலைப் பற்றியவை. மூன்றாவது ஓர் ஆளைப் பற்றியது. அட்மிரல் வேறு கப்பலுக்குப் போனால் கொடியும் அவரோடு போகும். அவர் பதவியை விட்டு இறங்கும்போது கொடியை இறக்குவார்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

தளபதி எங்கே என்று தெரியவேண்டும்

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் ஹாலந்தும் வட கடலில் மோதிக்கொண்டபோது ஒவ்வொரு பக்கமும் நூறு கப்பல் வரை திரண்டது. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்தால் வரிசை பல மைல் நீளும். பீரங்கி சுடத் தொடங்கிய சில நிமிடங்களில் புகை எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த நிலையில் ஒரு கேப்டனுக்குத் தெரியவேண்டியவை இரண்டுதான். என் பிரிவு எது? என் தளபதி எந்தக் கப்பலில் இருக்கிறார்?

இதற்காக இங்கிலாந்து தன் கப்பற்படையை மூன்று பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தது. 1650களில் அந்த ஒழுங்கு நிலைபெற்றது: சிவப்பு முதலில், அடுத்து வெள்ளை, கடைசியில் நீலம். அணிவகுப்பில் சிவப்புப் பிரிவு நடுவிலும், வெள்ளை முன்னணியிலும், நீலம் பின்னணியிலும் நிற்கும். 1665இல் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் கரைக்கு அப்பால் நடந்த போரில் மன்னரின் தம்பியான யார்க் கோமகன் ஜேம்ஸ் சிவப்புப் பிரிவையும், இளவரசர் ரூபர்ட் வெள்ளையையும், சாண்ட்விச் பிரபு நீலத்தையும் நடத்தினார்கள். ஒவ்வொரு கப்பலும் தன் பிரிவின் நிறத்திலேயே என்சைன் கட்டியது.

ஒவ்வொரு பிரிவும் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. நடுவில் அட்மிரல், முன்னே வைஸ் அட்மிரல், பின்னே ரியர் அட்மிரல். மூன்று நிறம், மூன்று பதவி, ஆக ஒன்பது தளபதிகள்.

நிறம் பிரிவைச் சொன்னது. பதவியைச் சொன்னது பாய்மரம். பெரிய போர்க்கப்பலுக்கு மூன்று பாய்மரங்கள் உண்டு:

1. நடுப் பாய்மரத்தில் கொடி என்றால் அட்மிரல். உயரமான பாய்மரம் அதுதான்.

2. முன் பாய்மரத்தில் என்றால் வைஸ் அட்மிரல்.

3. பின் பாய்மரத்தில் என்றால் ரியர் அட்மிரல்.

முன் பாய்மரத்தில் நீலக் கொடி தெரிந்தால் அங்கே இருப்பவர் நீலப் பிரிவின் வைஸ் அட்மிரல். நடுப் பாய்மரத்தில் யூனியன் கொடியே பறந்தால் அவர் அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட், எல்லாருக்கும் மேலானவர். எழுத்து வேண்டாம், எண் வேண்டாம், தொலைநோக்கி இருந்தால் போதும். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கப்பலில் ஏற்கெனவே இருந்த மரங்களையும் துணியையும் வைத்தே ஒன்பது பேரைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

அந்தக் கொடிக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்பதற்கு அதே லோஸ்டாஃப்ட் போரில் எதிர்ப்பக்கம் நடந்ததைப் பார்க்கலாம். டச்சுத் தளபதிகளில் ஒருவரான கோர்ட்டெனார் தொடக்கத்திலேயே படுகாயமடைந்து வீழ்ந்தார். அவருடைய கப்பல் கொடியை இறக்காமலே போரிலிருந்து விலகியது. கொடியைப் பார்த்துப் பழகிய மற்றக் கப்பல்கள் தளபதியே திரும்புகிறார் என்று நம்பிப் பின்னால் போயின. தலைமைத் தளபதி ஒப்டாமின் கப்பல் வெடித்துச் சிதறிய பிறகு எவர்ட்சென், டிராம்ப் என இருவர் தனித்தனியே தலைமைக் கொடியை ஏற்றினார்கள். யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் டச்சுப் படை சிதறியது.

வெள்ளையில் சிலுவை ஏறிய ஆண்டு

தொடக்கத்தில் மூன்று என்சைன்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. முழுக்க ஒரு நிறம், மேல் மூலையில் மட்டும் இங்கிலாந்தின் அடையாளமான சிவப்புப் புனித ஜார்ஜ் சிலுவை சிறிதாக இருக்கும். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றானதும் அந்த மூலைக்கு யூனியன் கொடி வந்தது. 1801இல் அயர்லாந்தின் சிலுவையும் அதில் சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிரான்ஸின் அரச கடற்படைக் கொடி வெறும் வெள்ளை. ஓர் ஆங்கில வெள்ளைப் பிரிவுக் கப்பலையும் பிரெஞ்சுக் கப்பலையும் தொலைவிலிருந்து பார்த்தால் மூலையில் உள்ள சிறு சிலுவை கண்ணுக்குப் படாது. ஸ்பெயினின் அரியணைக்காக ஐரோப்பா முழுவதும் போருக்குத் தயாரான 1702இல் இதற்குத் தீர்வு கண்டார்கள். வெள்ளைப் பிரிவின் கொடியில் முழுக் குறுக்களவுக்கும் பெரிய சிவப்புச் சிலுவையைப் போட்டார்கள். வெள்ளைப் பிரிவு அட்மிரல்களின் பதவிக் கொடியும் அதே புனித ஜார்ஜ் சிலுவைக் கொடியானது.

நம் கடற்படைக் கொடியில் 2022 வரை இருந்த சிலுவையின் தொடக்கம் இதுதான். தன் கப்பலையே தான் சுட்டுவிடக் கூடாது என்ற கவலையில் இரண்டாம் இடத்துப் பிரிவுக்கு மட்டும் செய்த ஒரு மாற்றம். சிவப்பும் நீலமும் சிலுவை இல்லாமல்தான் தொடர்ந்தன.

ஸ்பெயினுக்கும் இதே தலைவலி இருந்தது. பிரான்ஸ், ஸ்பெயின், நேப்பிள்ஸ் எல்லாம் ஒரே பூர்போன் குடும்பத்தின் ஆட்சியில் இருந்ததால் எல்லாருடைய கொடியும் வெள்ளையை அடிப்படையாகக் கொண்டிருந்தன. கடலில் குழப்பம் தாங்காமல் மன்னர் மூன்றாம் சார்லஸ் 1785இல் சிவப்பு, மஞ்சள், சிவப்பு பட்டைகளைக் கடற்படைக்குத் தேர்ந்தெடுத்தார். இன்றைய ஸ்பெயின் தேசியக் கொடி அங்கிருந்து வந்ததுதான்.

கொடி பதவி ஏணியானது

18ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கடற்படை ஒரே இடத்தில் நூறு கப்பல்களோடு நிற்பது அரிதானது. மேற்கிந்தியத் தீவுகள், மத்தியதரைக் கடல், வட அமெரிக்கா, இந்தியப் பெருங்கடல் என்று படைகள் உலகெங்கும் பிரிந்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு அட்மிரல்களே இருந்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேர்ந்து அணிவகுக்கும் காட்சி இல்லாமலே போனது. ஆனாலும் நிறங்கள் போகவில்லை. அவை மூப்புப் பட்டியலின் படிகளாக மாறின.

ஒரு கேப்டன் அட்மிரல் ஆவதென்றால் முதலில் நீலத்தின் ரியர் அட்மிரல். அடுத்து வெள்ளையின் ரியர் அட்மிரல், பிறகு சிவப்பின் ரியர் அட்மிரல். அதன்பின் நீலத்தின் வைஸ் அட்மிரல் என்று மறுபடி நீலத்திலிருந்து. ஏறியவருக்கு நீலக் கப்பல்களோ வெள்ளைக் கப்பல்களோ தனியே கிடைக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே அவருக்குக் கீழுள்ள கப்பல்கள் எல்லாம் அவருடைய நிறத்தை அணிந்துகொண்டன. புதிய அட்மிரல் வந்தால் துணிகளும் மாறும்.

புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பணிக்காலத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். 1779இல் முழுக் கேப்டனான அவர் 1797இல் நீலத்தின் ரியர் அட்மிரல் ஆனார். 1798இல் நைல் நதி முகத்தில் பிரெஞ்சுப் படையை அழித்தபோது அவருடைய கொடி நீலம், பின் பாய்மரத்தில். 1801 தொடக்கத்தில் நீலத்தின் வைஸ் அட்மிரல். அந்தப் பதவியில்தான் கோபன்ஹேகனில் போரிட்டார். 1804இல் வெள்ளையின் வைஸ் அட்மிரல். அந்தப் படியிலேயே இறந்தார். அவருக்கிருந்த புகழுக்கும் அவர் எட்டிய படிக்கும் பொருத்தமே இல்லை என்று தோன்றும். ஏணி அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. முழுக் கேப்டன் பட்டியலில் ஒருவருடைய இடம் உறுதியான பிறகு, மேலே இருப்பவர்கள் இறந்தாலோ உயர்ந்தாலோதான் அவர் நகரமுடியும். திறமையைப் பார்த்து ஒருவரை மட்டும் தூக்கிவிட வழியில்லை.

இதன் விளைவுகளில் மூன்று கவனிக்கத்தக்கவை.

1. கீழே உள்ள ஒரு நல்ல கேப்டனை அட்மிரல் ஆக்க வேண்டுமென்றால் அவருக்கு மேலே உள்ள எல்லாரையும் அட்மிரல் ஆக்கியாக வேண்டும். அவர்களில் பலர் முதியவர்கள், நோயாளிகள். 1747இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வேண்டாதவர்களுக்கு எந்தப் பிரிவும் தராமல் ரியர் அட்மிரல் பட்டத்தோடு ஓய்வு கொடுத்தார்கள். இல்லாத ஒரு நிறத்தைச் சொல்லி அவர்களை 'மஞ்சள் அட்மிரல்' என்று மாலுமிகள் அழைத்தார்கள். இந்தப் பெயரின் வலி அதைச் சுமந்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பதவி, ஏற்றுவதற்குக் கொடி இல்லாமல் கைக்கு வருகிறது.

2. ஏணியின் உச்சியில் ஓர் இடைவெளி இருந்தது. சிவப்புப் பிரிவின் அட்மிரல் இடத்தை அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட்டே வைத்திருந்ததால் 'சிவப்பின் அட்மிரல்' என்ற பதவியே கிடையாது. பிரெஞ்சு, ஸ்பானியப் படைகளை நெல்சன் தோற்கடித்த டிரஃபால்கர் போருக்குப் பிறகு, 1805 நவம்பரில், மூத்த அதிகாரிகளைக் கௌரவிக்க அதைப் புதிதாக உருவாக்கினார்கள். ஒன்பது படிகளும் அதற்கு மேல் ஒரு தலைமைப் பதவியும் என ஏணி முழுமையானது அப்போதுதான்.

3. நீண்டநாள் வாழ்பவர் வென்றார். புரோவோ வாலிஸ் என்ற அதிகாரியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1813இல் ஷானன் என்ற பிரிட்டிஷ் கப்பல் செசபீக் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்தது. ஷானன் கேப்டன் படுகாயமடைந்ததால் லெஃப்டினன்ட் வாலிஸ் சில நாட்கள் மட்டும் பொறுப்பேற்றுக் கப்பலை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். 1870இல் வந்த ஓய்வு விதி, நெப்போலியன் காலப் போர்களில் ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்கியவர்களை மட்டும் பணிப்பட்டியலிலேயே இருக்கவிட்டது. அந்தச் சில நாட்கள் அவருக்குக் கைகொடுத்தன. 1877இல் அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட் ஆகி, 1892இல் நூறு வயதில் இறக்கும்வரை அவர் பெயர் பட்டியலில் இருந்தது.

தமிழகக் கரையில் இரண்டு கொடிகள்

இந்தக் கொடிகளைத் தமிழகக் கடற்கரை மிக அருகில் பார்த்திருக்கிறது. 1782இலும் 1783இலும் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் இந்தக் கடலில் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று அந்தப் போர்களின் வரிசையே நமக்குத் தெரிந்த ஊர்களின் பட்டியல். ஹியூஸ் அப்போது நீலத்தின் வைஸ் அட்மிரல். அவருடைய சூப்பர்ப் என்ற கப்பலின் முன் பாய்மரத்தில் நீலக் கொடி பறந்தது.

கடலூர்ப் போருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. தளபதி தன் கொடியைத் தூக்கிக் காட்டினால் சொந்தப் படைக்கு மட்டுமல்ல, எதிரிக்கும் அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். 1782 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த போரில் பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸ் தன் கொடிக்கப்பலோடு சிறைபிடிக்கப்பட்டார். அதிர்ந்துபோன பிரெஞ்சு அரசு, இனிமேல் தளபதிகள் பெரிய கப்பலில் நின்று போரிட வேண்டாம், அணிவகுப்புக்கு வெளியே ஒரு சிறிய ஃபிரிகேட் கப்பலுக்குக் கொடியை மாற்றிக்கொண்டு அங்கிருந்து ஆணையிடுங்கள் என்று உத்தரவிட்டது. முன்னால் நின்று போரிடுவதற்குப் பேர்போன சுஃப்ரன் அதற்குக் கட்டுப்பட்டு, 1783 ஜூன் 20 அன்று கடலூர் அருகே கிளியோபாத்ரா என்ற ஃபிரிகேட்டிலிருந்து போரை நடத்தினார். அவரிடம் 15 பெரிய கப்பல்கள், ஹியூஸிடம் 18. முடிவில் ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார், கடலூரை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் தரைப்படை கடல்வழி ஆதரவை இழந்தது.

தளபதி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டுமா, பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டுமா என்ற விவாதம் கடற்படைகளில் அதன்பிறகும் ஓயவில்லை. கடலூரில் பாதுகாப்பு பலன் தந்தது. டிரஃபால்கரில் நெல்சன் விக்டரி என்ற தன் கப்பலின் முன் பாய்மரத்தில் கொடியோடு வரிசையின் முன்னால் போய் வென்றார், அதற்கு உயிரையும் கொடுத்தார்.

டிரஃபால்கரில் நிறங்கள் தோற்றன

1805 அக்டோபரில் நெல்சனின் கீழ் இருந்த அட்மிரல்களைப் பார்த்தால் முறையின் பலவீனம் புரியும். நெல்சன் வெள்ளை. இரண்டாம் நிலைத் தளபதி காலிங்வுட் நீலம். விதிப்படி போனால் நெல்சனின் வரிசை வெள்ளை என்சைனும் காலிங்வுட்டின் வரிசை நீல என்சைனும் அணிய வேண்டும். எதிரே இருந்தவை இரண்டு நாட்டுக் கப்பல்கள்: புரட்சிக்குப் பின் நீலம், வெள்ளை, சிவப்பு மூவண்ணத்துக்கு மாறியிருந்த பிரெஞ்சுக் கொடி, சிவப்பு மஞ்சள் பட்டையோடு ஸ்பெயின். புகையில் நீலமும் சிவப்பும் யாருடையது என்று யார் கண்டார்?

நெல்சன் போருக்குச் சில நாட்கள் முன்பே ஆணையிட்டார். எதிரியைக் கண்டதும் எல்லாக் கப்பல்களும் வெள்ளை என்சைனையே கட்ட வேண்டும். காலிங்வுட் தன் பதவிக் கொடியை நீலமாகவே வைத்துக்கொண்டார், ஆனால் அவருடைய கப்பல்கள் பின்பக்கம் வெள்ளை அணிந்தன. 1702இல் பிரெஞ்சு வெள்ளைக்குப் பயந்து வெள்ளையில் சிலுவை போட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரான்ஸ் வெள்ளையைக் கைவிட்டபோது, மூன்றில் தெளிவாகத் தெரியும் கொடி அந்த வெள்ளைதான் என்றாகிவிட்டது.

முக்கியமான ஒரு போரில் முறையை ஓரமாக வைத்துவிட்டுத்தான் போரிட முடிந்தது என்றால், அந்த முறைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். இருந்தும் அதன்பிறகு கிட்டத்தட்ட அறுபது ஆண்டு அது நீடித்தது. பதவி உயர்வு அதோடு பின்னிக் கிடந்ததுதான் காரணம்.

1864: எல்லாம் ஒரே நாளில் மாறியது

இந்த வரலாற்றில் மிக முக்கியமான ஆண்டு எது என்றால் 1864 என்பேன். அந்த ஆண்டு ஜூலை 9 அன்று அரச ஆணை ஒன்றின் மூலம் நிறப் பிரிவுகள் ஒழிக்கப்பட்டன. காரணங்கள் மூன்று. கேப்டன்கள் மூன்று விதமான கொடித் துணிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. வணிகக் கப்பல்களும் சிவப்பு என்சைனையே பயன்படுத்தியதால் போர்க்கப்பலையும் வணிகக் கப்பலையும் பிரித்தறிவது கடினமாக இருந்தது. அப்புறம், வெளிநாட்டுக் கடற்படைகளுக்கு ஒரே நாட்டின் மூன்று கொடிகள் குழப்பம் தந்தன.

புதிய பங்கீடு இப்படி அமைந்தது:

1. வெள்ளை என்சைன்: அரச கடற்படைக்கு மட்டும்.

2. நீல என்சைன்: கடற்படை ரிசர்வ் அதிகாரிகள் நடத்தும் கப்பல்களுக்கும் அரசின் பிற துறைகளின் கப்பல்களுக்கும். காலனி அரசுகளின் கப்பல்களும் இதில் தங்கள் சின்னத்தைச் சேர்த்துப் பயன்படுத்தின. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகளின் நீலம் இங்கிருந்து வருகிறது.

3. சிவப்பு என்சைன்: வணிகக் கப்பல்களுக்கு. ஒரு காலத்தில் மூத்த பிரிவின் நிறம் இது.

பதவிக் கொடிகளிலும் நிறம் போனது. எல்லா அட்மிரல்களுக்கும் புனித ஜார்ஜ் சிலுவைக் கொடி ஒன்றே என்றானது. பாய்மர முறை சில காலம் தொடர்ந்தது, ஆனால் அதற்கும் நாள் எண்ணப்பட்டுவிட்டது. நீராவியும் இரும்புக் கவசமும் வந்து கப்பலின் உருவமே மாறிக்கொண்டிருந்தது. 1871இல் கடலில் இறக்கப்பட்ட டெவாஸ்டேஷன் என்ற போர்க்கப்பலுக்குப் பாயே இல்லை, இருந்தது ஒரே ஒரு கம்பம். ஒற்றைக் கம்பத்தில் முன், நடு, பின் என்று எதை வைத்துப் பதவியைச் சொல்வது?

விடை படகுகளில் கிடைத்தது. அட்மிரல் துறைமுகத்தில் சிறு படகில் போகும்போது மூன்று பாய்மரம் கிடையாது. அதனால் படகுக் கொடியில் வட்டப் பொட்டுகள் வைத்துப் பதவியைக் காட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அதையே கப்பலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சிலுவை மட்டும் இருந்தால் அட்மிரல். கம்பத்தை ஒட்டிய மேல் கட்டத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தால் வைஸ் அட்மிரல். பொட்டு இரண்டு என்றால் ரியர் அட்மிரல். பொட்டு கூடக் கூடப் பதவி குறையும். தோளில் நட்சத்திரம் கூடினால் பதவி கூடும் என்று பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அட்மிரலின் தூய கொடியில் கீழ்ப்பதவிகளைப் பிரித்துக் காட்டும் குறி சேர்கிறது என்று நினைத்துக்கொண்டால் புரியும்.

இவர்களுக்குக் கீழே கமடோர். அவருக்கு முழுக் கொடி கிடையாது, மீன்வால் போல முனை பிளந்த அகலப் பென்னன்ட் மட்டும். பீரங்கி மரியாதையிலும் இந்த வரிசை தெரியும்: அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட்டுக்கு 19 குண்டுகள், அட்மிரலுக்கு 17, வைஸ் அட்மிரலுக்கு 15, ரியர் அட்மிரலுக்கு 13, கமடோருக்கு 11.

இந்தியாவுக்கு வந்த வழி

1864 பங்கீட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்தியக் கதை நேராகிவிடும். பிரிட்டிஷ் இந்திய அரசு நடத்திய கப்பல்கள் அரச கடற்படையைச் சேர்ந்தவை அல்ல, அரசுத் துறையின் கப்பல்கள். ஆகவே அவற்றுக்கு 1884 முதல் நீல என்சைன், அதில் இந்திய நட்சத்திரச் சின்னம். 1928இல்தான் அந்தக் கப்பல்களை நடத்திய ராயல் இந்தியன் மரீனுக்கு வெள்ளை என்சைன் அனுமதிக்கப்பட்டது. 1934இல் அது ராயல் இந்தியக் கடற்படையானது. அன்றைக்கு வெள்ளை என்சைன் கிடைப்பது, நீங்கள் இனி உண்மையான போர்க்கடற்படை என்ற அங்கீகாரம். அதைப் பெற்றவர்கள் அதை அடிமைச் சின்னமாகப் பார்க்கவில்லை, படி உயர்வாகவே பார்த்தார்கள்.

1950 ஜனவரி 26 அன்று மூலையில் இருந்த யூனியன் கொடி போய் மூவண்ணக் கொடி வந்தது. சிலுவை இருந்தபடியே இருந்தது. கடற்படைத் தலைமையிலும் பிரிட்டிஷ் அதிகாரிகளே தொடர்ந்தார்கள். செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி 1958 ஏப்ரலில் வைஸ் அட்மிரலாகப் பொறுப்பேற்றபோதுதான் முதன்முறையாக ஓர் இந்தியர் அந்தப் பதவியில் அமர்ந்தார்.

2001 ஆகஸ்ட் 15 அன்று சிலுவை எடுக்கப்பட்டு, வெள்ளையில் நீலக் கடற்படைச் சின்னம் வந்தது. வானத்தையும் கடலையும் பின்னணியாக வைத்துப் பார்த்தால் நீலம் எடுபடவில்லை என்று புகார் எழுந்தது. 2004இல் சிலுவை திரும்பியது, நடுவில் அசோகச் சிங்கங்களோடு. மூன்று நூற்றாண்டுக்கு முன் அந்தச் சிலுவையைப் போடவைத்த காரணமும், அதைத் திரும்பக் கொண்டுவந்த காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: தொலைவிலிருந்து தெரியவேண்டும். 2014இல் சிங்கங்களின் கீழே 'சத்யமேவ ஜயதே' சேர்ந்தது. 2022இல் சிலுவைக்குப் பதிலாக, சத்ரபதி சிவாஜியின் முத்திரையை ஒட்டி அமைந்த எண்கோணச் சின்னம் வந்தது. 2023 டிசம்பரில் அட்மிரல்களின் தோள்பட்டைச் சின்னங்களும் அதே எண்கோணத்துக்கு மாறின.

மற்றப் பேரரசுகள், மறைந்த தளபதிகள்

பிரிட்டனைப் பார்த்தே மற்றப் பேரரசுகளும் பதவிக் கொடிகளை அமைத்தன. ஜெர்மன் பேரரசில் வெள்ளையில் கறுப்பு இரும்புச் சிலுவை, வைஸ் அட்மிரலுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, ரியர் அட்மிரலுக்கு இரண்டு. ரஷ்யாவில் புனித அந்திரேயாவின் நீலக் குறுக்குச் சிலுவைக் கொடி. அதன் கீழ் விளிம்பில் நீலப் பட்டை இருந்தால் வைஸ் அட்மிரல், சிவப்புப் பட்டை இருந்தால் ரியர் அட்மிரல்.

அந்தச் சிவப்புப் பட்டைக் கொடி ஒன்று 1905 மே மாதம் இறந்துபோன ஒருவருக்காகப் பறந்தது. ரஷ்யாவின் பால்டிக் படை உலகைப் பாதி சுற்றி ஜப்பானை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஓஸ்லியாபியா கப்பலில் இருந்த ரியர் அட்மிரல் ஃபெல்கர்சாம் நோயால் இறந்தார். படையினர் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று தலைமைத் தளபதி ரொஷெஸ்ட்வென்ஸ்கி கொடியை இறக்கவிடவில்லை. மூன்றாம் பிரிவை நடத்திய நெபொகாதோவுக்கும் செய்தியைச் சொல்லவில்லை. விளைவு, தனக்கு மேலே ஒருவர்தான் இருக்கிறார் என்பது தெரியாமலே அவர் மே 27 அன்று சுஷிமா போருக்குள் போனார். ஓஸ்லியாபியா முதலில் மூழ்கியது. ரொஷெஸ்ட்வென்ஸ்கி படுகாயமடைந்து ஒரு டெஸ்ட்ராயருக்கு மாற்றப்பட்டார். மணிக்கணக்காக ரஷ்ய வரிசையை எந்த அட்மிரலும் இல்லாத கப்பல்கள் முன்னின்று இழுத்துச் சென்றன. மறுநாள் நெபொகாதோவ் சரணடைந்தார். ஜப்பானின் வெற்றிக்கு அதன் தளபதி டோகோவின் திறமை முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கொடியை இறக்காமல் விட்டது ரஷ்யர்களின் தலைமையை இரண்டாகப் பிளந்தது என்றே நினைக்கிறேன்.

கம்பியில்லாத் தந்தி வந்த பிறகும் தளபதி எந்தக் கப்பலில் இருக்கிறார் என்ற கேள்வி மறையவில்லை. 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் போரில் ஜெர்மன் தளபதி ஹிப்பரின் கொடிக்கப்பல் லூட்சோ அடிபட்டது. அவர் ஒரு டார்பிடோப் படகில் இறங்கி, குண்டு மழைக்கு நடுவே வேறு கப்பல் தேடி அலைந்து, இரவில்தான் மோல்ட்கேயில் ஏறினார். அதுவரை டெர்ஃப்ளிங்கரின் கேப்டன் ஹார்டோக் அந்தப் பிரிவை நடத்தினார்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய வைஸ் அட்மிரல் நகுமோ அகாகி கப்பலிலிருந்து விமானங்களை ஏவிக் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கினார். இரண்டே மாதத்தில் பசிபிக் கடலில் நடந்த மிட்வே போரில் அகாகி எரிந்தது. நகுமோ கப்பலை விட மறுத்தார், அதிகாரிகள் வற்புறுத்திய பிறகு நகாரா என்ற சிறிய க்ரூஸருக்குத் தன் கொடியை மாற்றினார். அந்த இடைவெளியில் படையை நடத்தியவர் ரியர் அட்மிரல் அபே.